ஸ்பார்க் பிளக்: செருகியா, திரியா, உமிழியா?

ஹூஸ்டனிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் வார இறுதித் தமிழ்ப்பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குச் செய்முறைத் தமிழ் என்று ஒரு பாடம் வைத்திருக்கிறோம். கையால் செய்யும் வேலை ஒன்றைத் தமிழில் எழுத வேண்டும். எழுதியதை மட்டும் படித்து இன்னொருவர் அதைச் செய்து காட்ட வேண்டும். இந்த முறை என் பழைய பிக்கப் வண்டியில் ஸ்பார்க் பிளக் (எஞ்சினுக்குள் பொறி தந்து எரிபொருளைப் பற்றவைக்கும் பொருள்) மாற்றுவதை எடுத்துக்கொண்டேன். வெள்ளி இரவுக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

வேலை இதுதான். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அதன் தலைப்பகுதி அலுமினியம், சூட்டோடு கழற்றினால் மரை (திருகு வரி) பெயர்ந்துவிடும். எட்டு சிலிண்டர், எட்டு பிளக். ஒவ்வொன்றின் மேலும் ஒரு 'காயில்', அதாவது மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் கம்பிச்சுருள், உட்கார்ந்திருக்கும். ஒயரைக் கழற்றி, போல்ட்டைத் தளர்த்தி, காயிலை மேலே இழுத்து எடுக்கிறோம். குழியில் கிடக்கும் மண்ணைக் காற்றடித்து வெளியேற்றிவிட்டு, நீளக் கம்பி மாட்டிய ஸ்பேனரால் பிளக்கைத் திருகி எடுக்கிறோம். புதிய பிளக்கின் முனை இடைவெளியைச் சரிபார்த்து (என் வண்டிக்கு 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்), முதல் சில மரைகளைக் கையாலேயே ஏற்றி, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குகிறோம். ஒன்றை முடித்த பிறகே அடுத்தது.

'தீப்பொறிச் செருகி' என்று எழுதி ஒரு மாணவனிடம் கொடுத்தேன். 'செருகியை வெளியே எடு' என்ற வரியைப் படித்தான். ஸ்பேனருக்குள் இருக்கும் ரப்பர் பிளக்கைக் கவ்வியதும் அப்படியே மேலே இழுக்கப் பார்த்தான். அவன்மேல் தவறில்லை. செருகியதை உருவத்தானே வேண்டும்? சொல் கையைத் தவறாக நடத்துகிறது. வேறு சொல் தாருங்கள்.

கோவையிலிருந்து:

தம்பி, பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன் சொல்கிறேன். அந்தப் பொருளுக்குத் தமிழ்ப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது: பிளக். 'பிளக்குல கரி அடைச்சிருக்கு, கழட்டி உப்புத்தாளில் தேய்' என்று சொன்னால் புரியாத பட்டறை தமிழ்நாட்டில் உண்டா? பேருந்து, மிதிவண்டி எல்லாம் நிலைத்தன என்றால் பள்ளியும் அரசும் நாள்தோறும் அவற்றைப் புழங்கின. பிளக்கைப் புழங்குபவர் மெக்கானிக். அவர் வாயில் ஏறாத சொல்லை அச்சில் ஏற்றி என்ன பயன்? அப்புறம், 'பொறிச்செருகி' என்று யாரும் சுருக்கிவிட வேண்டாம். பொறி என்றால் எஞ்சின் என்றுதான் என் மாணவர்கள் படிப்பார்கள்.

காரைக்குடியிலிருந்து:

பொறி என்ற சொல்லை இப்படி ஒதுக்க முடியாது. ஐம்பொறி, எலிப்பொறி, வில்லும் புலியும் கயலுமாகிய அரசப் பொறி, தீப்பொறி எல்லாம் அதில் அடங்கும். எந்தப் பொறி என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல் காட்டிவிடும்.

ஹூஸ்டன் ஆசிரியரின் சிக்கல் 'இ' விகுதியில் இருக்கிறது. அந்த விகுதி மூன்று பொருளுக்கு வரும். மண்வெட்டி என்றால் வெட்டும் கருவி. ஊருணி என்றால் ஊரால் உண்ணப்படுவது, செயப்படுபொருள். சேர்ந்தாரைக்கொல்லி என்றால் கொல்லும் தீ, வினைமுதல். செருகி என்பது ஊருணி வகை, செருகப்படுவது. அதாவது அந்தப் பொருளுக்கு நாம் செய்வதைச் சொல்கிறதே தவிர, அது செய்வதைச் சொல்லவில்லை. அது செய்வது என்ன? பொறியை உமிழ்கிறது. ஆகவே 'பொறியுமிழி'. வினைமுதற்பெயர், யகர உடம்படுமெய், ஒரு குறையும் இல்லை. செருகி இல்லை என்பதால் இழுக்கும் எண்ணமும் வராது.

பாரிசிலிருந்து:

நான் புதுச்சேரிக்காரி, இங்கே வந்து நெடுநாள் ஆகிறது. பிரெஞ்சில் இதன் பெயர் பூஜி, அதாவது மெழுகுவர்த்தி. ஜெர்மானியர் பற்றவைக்கும் மெழுகுவர்த்தி என்கிறார்கள். ரஷ்யர், இத்தாலியர், ஸ்பானியர் எல்லோருக்கும் மெழுகுவர்த்திதான். ஆங்கிலத்துக்கு இது அடைப்பான். பூஜி என்ற சொல்லே அல்ஜீரியாவின் பெஜாயா என்ற துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தது, அங்கிருந்துதான் மெழுகு ஏற்றுமதியானது. 1860இல் லெனுவார் பாரிசில் செய்த எரிவாயு எஞ்சினிலேயே மின்பொறிதான் தீ மூட்டியது. 1902இல் ஜெர்மனியின் பாஷ் பட்டறையில் பொறியாளர் ஹோனால்டு, சுழன்று மின்சாரம் தரும் உயர் அழுத்த மாக்னெட்டோ என்ற கருவியோடு சேர்த்து இதைச் செம்மைப்படுத்தினார். இத்தனை மொழிகளும் பார்த்தது வடிவத்தை: வெள்ளைப் பீங்கான் உடம்பு, நுனியில் நெருப்பு.

நாம் ஏன் ஆங்கிலத்தையே பார்த்து மொழிபெயர்க்க வேண்டும்? நம்மிடம் திரி இருக்கிறது. 'தீத்திரி' என்று வைத்தால் நான்கே எழுத்து. கோவை மெக்கானிக் வாயிலும் ஏறும்.

கோவையிலிருந்து:

திரி எரிந்து தேயும் அம்மா. பிளக் எரிவதில்லை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து காயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக் கொடுக்கிறது, அது இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது, எரிவது பெட்ரோலும் காற்றும். திரி என்று சொல்லிக் கொடுத்தால் இந்த அடிப்படையே பிள்ளைகளுக்குத் தப்பிவிடும். பட்டாசுத் திரி வேறு நினைவுக்கு வரும்.

காரைக்குடியிலிருந்து:

தீ மூட்டும் கருவிக்குச் சங்கத் தமிழில் பெயர் இருக்கும்போது பாரிசுக்கும் அல்ஜீரியாவுக்கும் போவானேன்? புறநானூறு 315இல் ஔவையார் அதியமானைப் பாடுகிறார்: 'இல்லிறைச் செரீஇய ஞெலிகோல் போல'. வீட்டின் இறப்பில் (கூரையின் தாழ்ந்த ஓரத்தில்) செருகி வைத்த தீக்கடைகோல் இருப்பதே தெரியாது. வேண்டும்போது 'கான்றுபடு கனைஎரி', அதாவது பெருந்தீ, அதிலிருந்து எழும். எஞ்சின் தலைக்குள் கண்ணில் படாமல் இருந்து தீ எழுப்பும் இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்குமா? 'ஞெலி' என்றே வைக்கலாம்.

'ஞெ' வாயில் வராது என்பீர்கள். ஞெகிழ் நெகிழ் ஆனது, ஞெண்டு நண்டு ஆனது. அதுபோல இதுவும் 'நெலி' ஆகட்டும். நெகிழியையும் முதலில் யாரும் ஏற்கவில்லை. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தடை வந்தபோது தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் நெகிழி என்றுதானே எழுதினார்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, பாட்டு மிக அருமை. ஆனால் நீங்கள் காட்டிய வரியிலேயே 'செரீஇய' என்று இருக்கிறதே. செருகிய என்பதன் அளபெடை வடிவம் அல்லவா அது? ஞெலிகோல் கடைந்து சூட்டால் தீ மூட்டுவது. பொறி தெறிப்பது சிக்கிமுக்கிக் கல்லில். ஆக, அந்த வரியிலிருந்து நமக்கு உதவுவது ஞெலி அல்ல, செருகிதான்.

இன்னொன்று. டீசல் பிக்கப்பில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். குளிரில் கிளப்புவதற்கு மட்டும் ஒரு சூடேற்றும் பிளக் இருக்கும். செருகி என்று வைத்தால் இது தீப்பொறிச் செருகி, அது தணல் செருகி என்று இணையாக நிற்கும். உமிழி, திரி, ஞெலி மூன்றிலும் அந்த இரண்டாவது பொருளுக்கு இடம் இல்லை. இழுக்கும் சிக்கலுக்கு 'திருகி' என்று வைக்கலாமோ என்றும் யோசித்தேன். அது திருப்புளியை (ஸ்க்ரூடிரைவரை) நினைவூட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஹூஸ்டனிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இன்று வியாழன். நாற்பது மடல்களுக்கு மேல் வந்துவிட்டன. எண்ணிப் பார்த்தால் தீப்பொறிச் செருகிக்கு ஒன்பது பேர், பிளக்குக்கு ஐந்து, தீத்திரிக்கு மூன்று, பொறியுமிழிக்கு இரண்டு, ஞெலிக்கு ஒருவர். ஒன்பதில் நாலு பேர் 'போதும், இதையே வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியவர்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன டீசல் வாதம் என்னை மாற்றியது. தீப்பொறிச் செருகி என்றே அச்சிடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'ஸ்பார்க் பிளக் எனப்படும் தீப்பொறிச் செருகி' என்று வரும். 'வெளியே எடு' என்ற வரியை 'இழுக்காதே. இடப்புறமாகத் திருகி, மரை முழுவதும் விட்டதும் தூக்கு' என்று மாற்றிவிட்டேன். அதே மாணவனிடம் மறுபடி கொடுத்தேன். எட்டையும் பதமாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே அட்டைப் பெட்டியில் அடுக்கினான். ஏழின் முனை வெளிர் பழுப்பு, ஒன்று மட்டும் கரி. எந்த சிலிண்டர் என்று தானாகவே கேட்டான்.

காரைக்குடியிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. நீங்கள் மாற்றியது வரியை, சொல்லை அல்ல. சொல்லில் இருந்த பிழையை ஒரு வாக்கியம் போட்டு மூடியிருக்கிறீர்கள். அடுத்த பதிப்பு வரும்போது பொறியுமிழியை மறுபடி எடுத்து வருவேன்.

கோவையிலிருந்து:

அந்தப் பையன் எந்த சிலிண்டர் என்று கேட்டபோது என்ன சொல் சொன்னான் என்று எழுதுங்கள் தம்பி. அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஹூஸ்டனிலிருந்து:

'இந்தப் பிளக் எதுல இருந்தது?' என்றான், ஐயா. கையேட்டில் எழுதும்போது தீப்பொறிச் செருகி என்று எழுதினான்.