மீன் லோடு பிக்கப்: காலை முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் 15 செகண்ட் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கு

குளச்சல் லோடு:
வண்டி 2.5 லிட்டர் காமன் ரயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்ல இருந்து டீசல் போறது) டீசல் பிக்கப், பி.எஸ்.4. ஓடினது 1,62,000 கி.மீ. குளச்சல், தேங்காப்பட்டணம் ஹார்பர்ல இருந்து மீன் லோடு. ராத்திரி நிறுத்திட்டு விடியக்காலம் 3 மணிக்கு எடுத்தா விட்டு விட்டு 12–15 செகண்ட் செல்ஃப் அடிக்கணும். பிடிச்சதும் ரெண்டு குலுக்கு குலுக்கிச் சரியாயிரும். அப்புறம் பகல் முழுக்க சாவி தொட்டா எடுக்கும். இழுவை, மைலேஜ் குறையல. செக் லைட் எரியல. பேட்டரி மாத்தி 5 மாசம்தான் ஆகுது. ஒரு இடத்துல குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன்னாடி சிலிண்டரைச் சூடாக்குறது) 4-ம் மாத்தச் சொல்லுதாங்க, இன்னொரு இடத்துல நாசில் (சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுறது) 4-ம் இறக்கணும்னு சொல்லுதாங்க. எதை முதல்ல பாக்கணும் அண்ணன்மாரே? வீட்டு முற்றம் சரிவு, முன்பக்கம் மேல இருக்குற மாதிரிதான் நிறுத்துதேன்.

டீசல் வேலை, மார்த்தாண்டம்:
கடைசி வரியிலயே பாதி விடை இருக்கு தம்பி. முன்பக்கம் மேல, டேங்க் பின்னாடி கீழ. லைன்ல எங்கயாவது காத்து நுழைய வழி இருந்தா, ராத்திரி முழுக்க டீசல் டேங்குக்கே இறங்கிப் போயிரும். காலையில பம்பு முதல்ல காத்தை இழுத்து முடிக்கணும். 15 செகண்ட் அதுக்குத்தான்.

குளோ பிளக்கை இப்ப மறந்திருங்க. நம்ம கடற்கரையில மார்கழி விடியலுக்கும் 20 டிகிரிக்குக் கீழ இறங்குறது அபூர்வம். அந்தச் சூட்டுல நேரடியா டீசல் பீச்சுற எஞ்சினுக்கு குளோ பிளக் இல்லாமலே எடுக்கணும். நாசில் மேலயும் இப்போதைக்குச் சந்தேகம் வேண்டாம். ரிட்டர்ன் (பீச்சாம டேங்குக்கே திரும்புற டீசல்) அதிகம் போற நாசிலா இருந்தா எஞ்சின் சூடா இருக்கும்போதுதான் அதிகம் படுத்தும், ஏன்னா சூட்டுல டீசல் இளகி இன்னும் வேகமா கசியும். உங்களுக்கு நேர் எதிரா நடக்குது.

நாளைக்குக் காலையில செல்ஃப் அடிக்கதுக்கு முன்னாடி ஃபில்டர் பக்கத்துல உள்ள கை பம்பை அமுக்கிப் பாருங்க. ரெண்டு மூணு அமுக்குல கெட்டியாச்சுன்னா லைன்ல டீசல் நிக்குது. தொளதொளன்னு 8–10 அமுக்கு வாங்கிட்டு கெட்டியாகி, அதுக்கப்புறம் வண்டி ஒரு செகண்ட்ல எடுத்துதுன்னா காத்துதான், வேற யோசிக்க வேண்டாம். கை பம்ப் இல்லாம டேங்குக்குள்ள எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டியா இருந்தா கதை வேற. சாவி போட்டதும் பின்னாடி முனகல் சத்தம் கேக்கும்.

கூடவே செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரை ஒருத்தரைப் பாக்கச் சொல்லுங்க. புகையே வரலைன்னா சிலிண்டருக்கு டீசல் போகல. வெள்ளைப் புகை வந்தா டீசல் போகுது, எரியல. ரெண்டும் வேற வேற வைத்தியம்.

வயரிங் கடை, நாகர்கோவில்:
மீன் வண்டின்னதும் எனக்கு எர்த் (பேட்டரி நெகட்டிவை சேஸிஸ், எஞ்சினோட சேர்க்குற இணைப்பு) ஞாபகம்தான் வருது. பெட்டியில இருந்து ஐஸ் வெள்ளம் (தண்ணி), உப்பு வெள்ளம் எல்லாம் சேஸிஸ் மேலதான் சொட்டும். பேட்டரி நெகட்டிவ் கேபிள் சேஸிஸ்ல கடிக்கிற இடமும், எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் உள்ள எர்த் பட்டையும் வெளியே பெயிண்ட் மினுங்கும், போல்ட்டைக் கழத்தினா வாஷருக்கு அடியில துரு செதில் செதிலா வரும். லக்குக்குள்ள (கேபிள் நுனியில போல்ட் மாட்டுற வளையம்) செம்பு பச்சை பூத்துக் கிடக்கும்.

மீட்டரை டி.சி. வோல்ட்ல வையுங்க. ராத்திரி நின்ன பேட்டரி 12.4-க்கு மேல காட்டணும், 12.6 நல்லது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழ இறங்கக் கூடாது. அடுத்தது முக்கியம்: ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் குமிழ் மேலேயே (கிளாம்ப்ல இல்ல), மறு முனை எஞ்சின் பிளாக்ல சுத்தமான இரும்புல. செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்துல தடை இருக்கு. பாசிட்டிவ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டார் பெரிய போல்ட்டுக்கும் நடுவுல 0.5 வரைக்கும் பரவாயில்ல.

செல்ஃப் மெதுவா சுத்தினா ஹை பிரஷர் பம்பும் மெதுவாத்தான் சுத்தும். ரயில்ல ஏறக்குறைய 200 பார் ஏறாம ஈ.சி.யூ. (எஞ்சின் கம்ப்யூட்டர்) நாசிலைத் திறக்காது. அதனால லேசான காத்துக் கசிவும் லேசான எர்த் கோளாறும் சேர்ந்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பெருசாக்கும்.

குளச்சல் லோடு:
பாத்தாச்சு. கை பம்ப் 9 அமுக்கு, அப்புறம் ஒரு செகண்ட்ல எடுத்துது. அமுக்காம அடிச்சப்ப புகை ஒண்ணும் இல்ல. பேட்டரி 12.5, செல்ஃப்ல 10.1. எர்த் சோதனையில 0.6. காத்து எங்க நுழையுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க? வெளியே ஒரு சொட்டு கசிவும் இல்லையே.

டீசல் வேலை, மார்த்தாண்டம்:
வெளியே சொட்டாது. டேங்குல இருந்து பம்பு வரைக்கும் உறிஞ்சுற பக்கம். அங்க உள்ள அழுத்தம் வெளிக் காத்தைவிடக் குறைவு, அதனால காத்து உள்ள போகும், டீசல் வெளிய வராது. அதைத் திருப்பிப் போட்டாத் தெரிஞ்சிரும்.

5 லிட்டர் கேன்ல சுத்தமான டீசல் எடுத்து பானெட்டை விட உயரமா கட்டி வையுங்க. டேங்குல இருந்து வர்ற ஹோஸைக் கழத்தி அடைச்சிட்டு, கேன்ல இருந்து ஒரு ஹோஸ் ஃபில்டர் இன்லெட்டுக்கு. ராத்திரி அப்படியே விடுங்க. இப்ப டீசல் தன் எடையிலேயே தள்ளும். காத்து நுழைஞ்ச ஓட்டை வழியா காலையில டீசல் நனைஞ்சு நிக்கும். ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில டிஷ்யூ பேப்பர் சுத்தி வெச்சா துளி கசிஞ்சாலும் காட்டிக் குடுக்கும். பேப்பர் காஞ்சு கிடந்து வண்டியும் தொட்டதும் எடுத்துதுன்னா கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவுல: சேஸிஸ் ஓரமா போற இரும்புக் குழாய் துரு, இல்ல டேங்க் மேல உள்ள உறிஞ்சு குழாய்.

நான் முதல்ல பாக்குற இடம் ஃபில்டருக்கு அடியில உள்ள வெள்ளம் வடிக்கிற திருகும் சென்சரும். ஃபில்டர் மாத்தும்போது பழைய ஓ-ரிங்கையே (ரப்பர் வளையம்) போட்டிருப்பாங்க, அது சப்பையா கல்லு மாதிரி இறுகியிருக்கும். அப்புறம் கை பம்ப் வால்வு, ஹோஸ் நுனி வெடிப்பு, நாசில் மேல உள்ள ரிட்டர்ன் ரப்பர்.

ஃபில்டர் புதுசு போட்டா ஓ-ரிங்ல டீசல் தடவி, ஒட்டினதுக்கு அப்புறம் கையால முக்கால் சுத்து. உள்ளே டீசல் ஊத்தி நிரப்பாதீங்க, வடிகட்டாத டீசல் நேரா பம்புக்குப் போயிரும். கை பம்பை அடிச்சே ஏத்துங்க. பழைய வண்டி மாதிரி நாசில் பைப் நட்டைத் தளத்தி காத்து எடுக்கவே கூடாது. ரயில் பிரஷர்ல பீச்சுற டீசல் தோலைத் துளைக்கும்.

வயரிங் கடை, நாகர்கோவில்:
0.6 அதிகம். எர்த் பட்டையை இப்பவே மாத்திருங்க. 35 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்பு கேபிள், லக்கை அழுத்தி கிரிம்ப் பண்ணினது. சேஸிஸ்ல எமரி பேப்பர் போட்டு வெள்ளி மாதிரி மினுங்குற வரைக்கும் தேயுங்க, பல் வாஷர் போட்டு முறுக்குங்க. முறுக்கின பிறகு மேல வாசலின் பூசுங்க. கேபிளை மீன் வெள்ளம் சொட்டாத இடமா மாத்திக் கொண்டு போக முடிஞ்சா இன்னும் நல்லது.

ரப்பர் லோடு, குலசேகரம்:
ஸ்டார்ட் ஆகலைன்னு ஏர் ஃபில்டர்ல ஸ்டார்ட்டிங் ஸ்பிரே (ஈத்தர்) அடிக்கிற பழக்கம் உண்டுன்னா விட்டிருங்க. குளோ பிளக் சூடா இருக்கும்போது அது பிஸ்டனை உடைக்கும். செல்ஃபையும் ஒரு தடவைக்கு 10 செகண்ட்டுக்கு மேல அடிக்காதீங்க, அரை நிமிஷம் ஆற விடுங்க.

குளச்சல் லோடு:
கேன் வெச்சுப் பாத்தேன். வடிக்கிற திருகுக்கு அடியில உள்ள பேப்பர் மட்டும் நனைஞ்சிருக்கு. ஓ-ரிங் மாத்தியாச்சு, எர்த் கேபிள் புதுசு, இப்ப 0.15 காட்டுது. முற்றத்துல அதே சரிவுலதான் நிறுத்தினேன், காலையில ஒரே அடியில எடுத்துது.

டீசல் வேலை, மார்த்தாண்டம்:
சரி. ஒரு வாரம் கழிச்சு கை பம்பை மறுபடி அமுக்கிப் பாருங்க. ரெண்டு அமுக்குல கெட்டியா நின்னாப் போதும்.