150 பீஸ் மட்டும் வர்ற சாவி குடுக்கற ட்ரெஸ் வாட்ச், 72,000 போட்டு புக் பண்ணலாமா?

கல்லுப்பட்டறை_கிருஷ்ணகிரி:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல ஒரு சின்ன வாட்ச் கம்பெனி, மொத்தமே நாலஞ்சு பேர்தான், அவங்க இப்ப ஒரு ட்ரெஸ் வாட்ச் விடறாங்க, பேட்டரியும் இல்ல ஆட்டோமேட்டிக்கும் இல்ல, தினம் கையால சாவி குடுக்கணும். 36 எம்எம் கேஸ், தடிமன் 8 எம்எம்க்கு உள்ள, க்ரீம் டயல், ஆறு மணி இடத்துல செகண்டுக்கு தனியா ஒரு குட்டி வட்டம், நீல முள்ளு. மொத்தம் 150 பீஸ்தான், பின்மூடில நம்பர் போட்டு குடுப்பாங்களாம், வெல ஜிஎஸ்டி சேத்து 72,000, பாதி இப்ப கட்டணும், மீதி டெலிவரி அப்ப.

எனக்கு தை மாசம் கல்யாணம், முகூர்த்தத்துக்கு கட்டிக்கலாம்னு ஆசை. வீட்ல அந்த காசுக்கு தங்கம் வாங்குடாங்கறாங்க, அது அவங்க பக்கம் நியாயம், ஆனா எனக்கு சின்ன வயசுலருந்தே வாட்ச் மேல ஒரு பித்து. கேள்வி என்னன்னா, இவ்ளோ சின்ன கம்பெனிய நம்பலாமா, பத்து வருஷம் கழிச்சு ரிப்பேர்னா யாரு பாப்பாங்க? மெஷின் பத்தி விளம்பரத்துல “ஸ்விஸ் ஹேண்ட் வைண்டிங்”னு மட்டும்தான் போட்டிருக்கு. நான் கிரானைட் பாலிஷ் யூனிட்ல வேலை, அங்க கட்டிகினு போலாமான்னும் சொல்லுங்க.

ஓசூர்_பழைய_அசெம்ப்ளி:
தம்பி, வாழ்த்துக்கள். நான் ஓசூர்ல வாட்ச் லைன்ல இருந்து ரிட்டயர் ஆனவன். முதல்ல ஒண்ணு, கம்பெனி சின்னதா பெருசாங்கறத விட உள்ள இருக்கற மெஷின் பேரு என்னன்னு கேளு. “ஸ்விஸ்”னு மட்டும் போட்டா அது பதில் இல்ல, காலிபர் நம்பர், அதாவது மெஷினோட மாடல் நம்பர் வேணும், ஒழுங்கான ஆளா இருந்தா ஒரு மெயில்ல சொல்லிருவாங்க.

நீ சொல்ற அளவ வச்சு பாத்தா எனக்கு ஒரு யூகம் இருக்கு. கையால சாவி குடுக்கற மெஷின்ல யூனிடாஸ் 6497, 6498தான் ரொம்ப பேரு போடறது, ஆனா அது பாக்கெட் வாட்ச்சுக்கு செஞ்சது, மெஷினே 36.6 எம்எம், உன் 36 எம்எம் கேஸ்ல நுழையவே நுழையாது. செலிட்டா எஸ்டபிள்யூ210னா சாதாரணமா செகண்ட் முள்ளு நடுவுல ஓடும். ஆறு மணில குட்டி செகண்ட், மொத்த தடிமன் 8க்கு உள்ளன்னா அனேகமா பெஸ்ஸோ 7001ஆ இருக்கும். 1971ல வந்தது, 23.3 எம்எம் அகலம், 2.5 எம்எம் தடிமன், 17 கல்லு, மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது செகண்டுக்கு ஆறு. ஃபுல் சாவி குடுத்தா 40 மணி நேரத்துக்கு மேல ஓடும். ஜெர்மனில நோமோஸ் கம்பெனி 1992ல டேன்ஜென்ட்ட இதே மெஷின வாங்கிப் போட்டுதான் ஆரம்பிச்சாங்க, அதனால வெளி மெஷின் போடறான்னு கேவலமா நெனைக்காத. சின்ன கம்பெனி சொந்தமா ஒரு மெஷின் செஞ்சேன்னு சொன்னாத்தான் நான் பயப்படுவேன்.

மெல்லிசுன்னா நம்மூருக்காரங்களுக்கு டைட்டன் எட்ஜ் ஞாபகம் வரும், 2002ல வந்தது, மெஷின் 1.15 எம்எம், மொத்த வாட்சே 3.5 எம்எம்தான். ஆனா அது பேட்டரில ஓடற குவார்ட்ஸ், மெயின் ஸ்பிரிங், பேலன்ஸ் வீல், ஹேர் ஸ்பிரிங் எதுவும் அதுல கிடையாது. இத்தனையும் வச்சு 2.5 எம்எம்ல அடக்கறது வேற வேலை. ஆட்டோமேட்டிக்ல கை அசையும்போது சாவி ஏத்தறதுக்கு மேல ஒரு ரோட்டர் சுத்தணும், அதுக்கே தடிமன் போயிரும், சாவி வாட்ச் சட்டை கைக்குள்ள நுழையறதுக்கு காரணமே அந்த ரோட்டர் இல்லாததுதான்.

பென்னாகரத்தான்:
72,000 எல்லாம் எதுக்கு ப்ரோ, ஒரு எச்எம்டி சோனா பழசு வாங்கு, மெல்லிசு, சாவி குடுக்கறது, நம்ம நாட்டுது, சில ஆயிரத்துல முடிஞ்சிரும்.

தருமபுரி_வாட்ச்கடை:
பென்னாகரத்து அண்ணன் சொல்றது தப்பில்ல, எச்எம்டி 1961ல சிட்டிசன் கூட சேந்து பெங்களூர்ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் என் டேபிளுக்கு ஜனதா, சோனா வந்துகினே இருக்கு. ஆனா ஆன்லைன்ல கம்மி வெலைல வர்றதுல பாதிக்கு மேல டயல திரும்ப பெயிண்ட் அடிச்சது, முள்ளு ஒண்ணுல இருந்து, கேஸ் இன்னொண்ணுல இருந்து. 2016ல மூடறதா அரசு முடிவெடுத்ததுக்கு அப்புறம் வெலையும் ஏறிடுச்சு. அசலான சோனா கெடச்சா தாராளமா வாங்குங்க, ஆனா கல்யாணத்துக்கு புதுசா ஒண்ணு கட்டணும்னு நெனைக்கற பையனுக்கு அது பதில் ஆகாது.

தம்பி, நான் பஜார்ல அப்பா காலத்துலருந்து வாட்ச் ரிப்பேர் கடை. உன் கேள்விக்கு வரேன். 7001னா பத்து வருஷம் இல்ல, அதுக்கு மேலயும் பிரச்சனை இல்ல, மெயின் ஸ்பிரிங், பேலன்ஸ் எல்லாம் வெளில கெடைக்கும், படிச்ச கைகாரன் யாரும் பிரிச்சு ஆயில் போட்டு சேப்பான். மாட்டிக்கறது எங்கன்னா அவங்களுக்குன்னே செஞ்ச சாமான்லதான். டயல், முள்ளு, கண்ணாடி, கிரவுன் (சாவி குடுக்க திருகற குமிழ்), கேஸ், இதெல்லாம் 150 பேருக்கு மட்டும் அடிச்சது. நாளைக்கு கண்ணாடி உடைஞ்சா அளவு எங்க போய் தேடுவ? அதனால 150 பீஸ் விக்கறவங்க எத்தன செட் ஸ்பேர் எடுத்து வச்சிருக்கீங்கன்னு கேளு, கண்ணாடி, கிரவுன், அது மாட்டியிருக்கற கம்பி ஸ்டெம், முள்ளு நாலும். கண்ணாடி அளவையும் எழுதி வாங்கிக்கோ. நம்பர் போட்ட பின்மூடிய எல்லாரும் ஃபோட்டோ போடறாங்க, ஸ்பேர் பத்தி யாரும் ஒரு வரி எழுத மாட்டேங்கறாங்க, எனக்கு அதுதான் கோவம்.

கிரானைட் யூனிட்டுக்கு கட்டிகினு போகவே போகாத. கிரானைட் தூசில குவார்ட்ஸ்ங்கற கல்லு இருக்கு, மோஸ் கடின அளவுல பத்துக்கு ஏழு, ஸ்டீல் கேஸ் அதுக்கு கீழதான், பாலிஷ் எல்லாம் ஒரு வாரத்துல மங்கிடும். கண்ணாடி சஃபயர்னா ஒம்போது, அது தாங்கும், மத்தது தாங்காது. அதோட பாலிஷ் மெஷின்ல தண்ணி ஊத்திகினே இருப்பீங்க, ட்ரெஸ் வாட்ச்சுல தண்ணி தாங்கறது 30 மீட்டர்னு போட்டிருந்தா கை கழுவும்போது தெறிக்கறதுக்குத்தான், அதுக்கு மேல நம்பாத. சாவி வாட்ச்ல தினம் கிரவுன திருகறதால உள்ள இருக்கற ரப்பர் ரிங் சீக்கிரம் தேயும், சர்வீஸ்ல அத மாத்த சொல்லு.

கல்லுப்பட்டறை_கிருஷ்ணகிரி:
ரெண்டு அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. மெயில் போட்டேன், அன்னைக்கே பதில் வந்துச்சு, பெஸ்ஸோ 7001தான், புது மெஷின், கண்ணாடி சஃபயர். ஸ்பேர் பத்தி கேட்டதுக்கு கண்ணாடியும் கிரவுனும் எடுத்து வச்சிருக்கோம், முள்ளு பத்தி செக் பண்ணி சொல்றோம்னாங்க. பட்டறைக்கு என் பழைய டிஜிட்டலே போதும். நேர்ல வந்து ப்ரோட்டோடைப் பாக்கலாம்னும் சொல்லிருக்காங்க, கிருஷ்ணகிரில இருந்து பஸ் ஏறினா தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம்தான், ஞாயித்துக்கிழமை போலாம்னு இருக்கேன். அங்க என்ன பாக்கணும்?

ஓசூர்_பழைய_அசெம்ப்ளி:
அன்னைக்கே பதில் சொன்னதே நல்ல அறிகுறி தம்பி. போனா டைம்கிராஃபர்ல, அதாவது வாட்ச் ஓட்டத்த அளக்கற கருவில வச்சு காட்ட சொல்லு. ஃபுல் சாவில டயல் மேல பாத்த மாதிரி வச்சா ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் வீல் ஆடற அளவு, 270ல இருந்து 300 டிகிரி வரணும், பீட் எரர், அதாவது டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள நேர வித்தியாசம், ஒரு மில்லிசெகண்டுக்கு நல்லா கீழ. அதோட நிறுத்தாத, முந்தின நாள் சாவி குடுத்த பீஸ் ஒண்ணையும் வச்சு பாரு, ஸ்பிரிங் தளர தளர ஆம்ப்ளிட்யூட் இறங்கும், 220க்கு கீழ போனா காரணம் கேளு. கிரவுன இழுத்தா செகண்ட் முள்ளு நிக்காம ஓடும், 7001 அப்படித்தான், பழுதுன்னு நெனைச்சுராத.

தருமபுரி_வாட்ச்கடை:
நீல முள்ள வெளிச்சத்துல சாச்சு பாரு, நெருப்புல சூடு பண்ணி நீலமாக்கினதுன்னா ஒரு கோணத்துல கருப்பா தெரியும், இன்னொரு கோணத்துல பளிச்சுன்னு நீலம் அடிக்கும், பெயிண்ட்னா எப்படி திருப்பினாலும் ஒரே நீலம். செகண்ட் வட்டம் நடு ஆணிக்கு ரொம்ப ஒட்டி நிக்குதான்னும் பாரு, சின்ன மெஷின பெரிய கேஸ்ல போட்டா அப்படி ஆகும், 36ல சரியா உக்காரணும்.

வாங்கினப்புறம் சாவி காலைல ஒரே நேரத்துல குடு, கைல இருந்து கழட்டி வச்சுட்டு குடு, கட்டிகினே திருகினா ஸ்டெம் ஒரு பக்கமா வளையும். கெட்டியா நின்னா அதோட விட்டுரு, ஆட்டோமேட்டிக்ல ஸ்பிரிங் வழுக்கும், இதுல வழுக்காது, பலவந்தமா திருகினா எதாவது உடையும். நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஓவர்ஹால். அட்வான்ஸ் கட்டும்போது டெலிவரி தேதியும், தள்ளிப்போனா காச திருப்பறோம்ங்கறதும் பில்லுலயே எழுதி வாங்கு, தைக்கு வேணும்னா கார்த்திகைன்னு தேதி கேளு, ஏன்னா கைக்கு வந்தப்புறம் மார்கழி முழுக்க கட்டி ஓட்டி பாக்கணும், ஒரு நாளைக்கு எத்தன செகண்ட் முன்ன பின்ன போகுதுன்னு எழுதி வச்சு என்கிட்ட கொண்டா, ரெகுலேட் பண்ணி தரேன்.