மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை காவிரிக் கரையோடு காரில் போக வழி?

ஓசூர்வாசி:
வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. ரயிலில் போகும்போது பாலத்தின் மேல் காசு போட்டுக் கும்பிட்டதோடு சரி, காவிரியை நின்று பார்த்ததில்லை. இப்போது "மேட்டூர்ல ஆரம்பிச்சு கடல் வரைக்கும் கூடவே போகணும்" என்கிறார். பழைய வேகன் ஆர், மூன்று நாள், ஓட்டுவது நான் ஒருவன்தான். மேப்பில் போட்டால் நான்குவழிச் சாலைக்கே தள்ளிவிடுகிறது. கரையை ஒட்டிய ரோடு எங்கெங்கே இருக்கிறது? ஜூன் முதல் வாரம் லீவு கிடைக்கும்.

பவானி ஜமுக்காளம்:
எங்கள் பக்கம் மட்டும் சொல்கிறேன். மேட்டூரிலிருந்து மேற்குக் கரையில் நெரிஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை வழியாக பவானி வாருங்கள். நடுவில் மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணைகள் இருப்பதால் ஆறு ஏரி மாதிரி நிற்கும். நெரிஞ்சிப்பேட்டையில் காரை ஓரங்கட்டிவிட்டு, படகில் அக்கரை பூலாம்பட்டி போய்த் திரும்பினால் அம்மாவுக்குப் பிடிக்கும். அப்புறம் ஈரோடு தாண்டி கொடுமுடி. தெற்கே வந்த ஆறு அங்கேதான் கிழக்கே திரும்புகிறது.

லஸ்கர் மகன்:
தம்பி, ரோடு பிறகு. முதலில் லீவை மாற்றுங்கள். ஜூன் முதல் வாரம் வந்தால் கல்லணைக்குக் கீழே அம்மாவுக்கு மணலைத்தான் காட்ட வேண்டியிருக்கும். மேட்டூர் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. அணையில் நீர் இல்லாத வருஷம் அதுவும் தள்ளிப்போகும். 2024இல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். திறந்த தண்ணீர் கல்லணை வர மூன்று நான்கு நாள். கடைமடைக்குப் போக அதற்குமேல் ஒரு வாரமாவது ஆகும்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர், மதகு ஏற்றி இறக்குகிற வேலை. ஒரு வருஷம் என்னை டிவிஎஸ் 50இல் பின்னால் உட்கார வைத்து, புதுத் தண்ணீரின் தலையைக் காட்டக் கூட்டிப் போனார். நுங்கும் நுரையுமாகப் பாய்ந்து வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது ஒரு அழுக்கு நுனி. சருகு, ஒற்றைச் செருப்பு, தேங்காய் மட்டை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் மணலை நனைத்து நனைத்து வருகிறது. வெடிப்புக்குள்ளிருந்து பூச்சிகள் தப்பித்து ஓட, அதைக் கொத்தக் கொக்குகள் தண்ணீருக்கு முன்னாலேயே நடந்து போகின்றன. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய், பாதம் நனைகிற வரை அசையாமல் நின்றார்.

சரி, ரோடு. கரூரிலிருந்து தென்கரை ரோட்டில் குளித்தலை வரை வந்து, முசிறிப் பாலத்தில் வடகரைக்கு மாறுங்கள். முசிறியிலிருந்து குணசீலம், வாத்தலை வரை வலது பக்கம் ஆறு கூடவே வரும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. 2018 ஆகஸ்டில் வெள்ளம் மதகுகளை அடித்துக்கொண்டு போனது அங்கேதான்.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நான்காகிவிடும். அங்கிருந்து உங்களுக்கு மேப்பே வேண்டாம். ரோட்டின் பெயரே பூம்புகார்–கல்லணை சாலை. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம், குத்தாலம், மயிலாடுதுறை. ஒன்று மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: போகப் போக ஆறு சிறுத்துக்கொண்டே வரும். திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரியும், அப்புறம் ஊருக்கு ஊர் வாய்க்கால். முசிறியில் அக்கரை ஆள் தெரியாது. குத்தாலத்தில் அக்கரையில் துணி துவைக்கிறவரிடம் கத்தாமலே பேசலாம். பூம்புகாருக்கு முன்னால் மேலையூரில் கடைசி மதகு. அதற்கப்புறம் மிச்சம் இருப்பது கடலுக்கு.

பவானி ஜமுக்காளம்:
வடகரை சரிதான். ஆனால் குளித்தலையில் மாறுவதற்குப் பதில் மோகனூரிலேயே மாறிவிட்டால் காட்டுப்புத்தூர், தொட்டியம் வாழைத் தோப்புகளும் கிடைக்குமே?

லஸ்கர் மகன்:
கிடைக்கும். வாழைதான் தெரியும், ஆறு தெரியாது. அம்மா வாழை பார்க்கவா வருகிறார்?

ஓசூர்வாசி:
அண்ணா, லீவை ஆகஸ்டுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். ஆடிப்பெருக்குக்கே வந்துவிடலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, படி இறங்கக் கஷ்டம்.

லஸ்கர் மகன்:
ஆடிப் பதினெட்டு அன்று வேண்டாம். படித்துறையில் நிற்க இடம் இருக்காது, காரை இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து வாருங்கள். திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர் நிறைய ஓடினால் மேல் படிகளிலேயே கால் நனையும், நிறைய இறங்க வேண்டியதில்லை. ஆனாலும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாசி வழுக்கும்.

கிளம்புகிற அன்று காலை மேட்டூரில் எத்தனை கன அடி விடுகிறார்கள் என்று பேப்பரில் பாருங்கள். பத்தாயிரத்துக்கு மேல் என்றால் தாராளமாக வாருங்கள். லட்சத்தைத் தாண்டியிருந்தால் காரை எடுக்காதீர்கள். எந்தப் படித்துறையிலும் போலீஸ் இறங்க விடாது.