ஞாயிற்றுக்கிழமை அடுக்கிய சாலட் புதன்கிழமைக்குள் ஏன் நீர்த்துப் போகிறது?

கேள்வி: அவிநாசியிலிருந்து

வணக்கம். நான் அவிநாசியில் குடியிருந்து திருப்பூரில் ஒரு பின்னலாடை அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஏழரை மணிக்குக் கிளம்பினால் மதியம் ஒரு மணிக்குத்தான் சாப்பாடு. தினமும் விடியற்காலையில் எழுந்து காய் நறுக்க முடியாததால், வாரத்துக்கான சாலட்டை ஞாயிற்றுக்கிழமையே கண்ணாடி பாட்டில்களில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம் என்று எண்ணி, முக்கால் லிட்டர் அளவில் ஐந்து பாட்டில்கள் வாங்கினேன்.

முதல் வாரமே ஏமாற்றமாகிவிட்டது. அடியில் முட்டைக்கோஸ், அதன் மேல் தக்காளி, வெள்ளரிக்காய், முளைகட்டிய பச்சைப்பயறு, வெங்காயம் என்று அடுக்கி, எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து மேலே ஊற்றி மூடினேன். திங்கட்கிழமை நன்றாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. புதன்கிழமை மூடியைத் திறந்தபோது வெங்காய வாடை மேசை முழுவதும் பரவியது. பயறு விரலில் வழுக்கியது. மீதி இரண்டு பாட்டில்களையும் கொட்டிவிட்டேன்.

எந்த வரிசையில் அடுக்க வேண்டும், உண்மையில் எத்தனை நாள் தாங்கும், அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இல்லாத நிலையில் ஒரு மணி வரை கெடாமல் வைத்திருப்பது எப்படி என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


பதில்: கோபிசெட்டிபாளையத்திலிருந்து

அம்மிணி, நீங்கள் எடுத்துக்கொண்ட பொருட்களில் பெரிய குறை இல்லை. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. உப்பையும் எலுமிச்சையையும் மேலே ஊற்றினால் அது இறங்கும் வழியெல்லாம் ஒவ்வொரு காயிலிருந்தும் தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும். பச்சடிக்கு நறுக்கிய வெள்ளரியில் உப்பைப் போட்டுக் கால் மணி நேரம் விட்டால் கிண்ணத்தில் எவ்வளவு நீர் சேருகிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே வேலையைத்தான் உங்கள் பாட்டில் மூன்று நாள் செய்திருக்கிறது.

சாறு எப்போதும் அடியில்தான் இருக்க வேண்டும். என் மகளுக்கும் மருமகனுக்கும் நான்கு ஆண்டுகளாக இப்படி அடுக்கிக் கொடுத்து வருகிறேன். ஒரு பாட்டிலுக்கு எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள், வறுத்துப் பொடித்த சீரகம் ஆகியவற்றைக் கலந்து முதலில் ஊற்றுவேன். நறுக்கிய சின்ன வெங்காயத்தை அந்தச் சாற்றிலேயே அமிழ்த்திவிடுவேன். ஒரே இரவில் அது ரோஜா நிறத்துக்கு மாறிக் காரமும் வாடையும் தணிந்து ஊறுகாய்ப் பதத்துக்கு வந்துவிடும். வெங்காயத்தை மேல் அடுக்குகளில் பச்சையாக வைத்தால்தான் மற்ற எல்லாவற்றிலும் அதன் வாடை ஏறுகிறது.

அதற்கு மேல், சாறு பட்டாலும் பதம் மாறாத கெட்டிக் காய்கள் வர வேண்டும். சதுரமாக நறுக்கிய கேரட், முள்ளங்கி, நூல்கோல் ஆகியவை இதற்கு ஏற்றவை. எங்கள் உழவர் சந்தையில் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போனால் மண் ஒட்டியபடியே ஊட்டிக் கேரட் கிடைக்கும். அதன் உறுதி நான்காம் நாளும் குறைவதில்லை. பீட்ரூட் போடுவதானால் ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, இந்த அடுக்கிலேயே வையுங்கள். மேலே வைத்தால் சிவப்பு இறங்கி எல்லாக் காயும் ஒரே நிறமாகிவிடும். மூன்றாவது அடுக்கு, வேகவைத்து நீர் வடித்த கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறு. அது கீழே உள்ள சாற்றுக்கும் மேலே உள்ள மென்மையான பொருட்களுக்கும் இடையே ஒரு வரப்பைப் போல நின்றுகொள்ளும். அதன் மேல் விதை நீக்கிய வெள்ளரி, மாதுளை முத்துக்கள். கடைசியாக முட்டைக்கோஸ் சீவல், கொத்தமல்லித் தழை. தக்காளியை நான் சேர்ப்பதே இல்லை. வேண்டுமானால் காலையில் ஒன்றை முழுதாகக் கையோடு எடுத்துப் போய் அங்கேயே நறுக்கிக்கொள்ளுங்கள்.

இலையும் சீவலும் முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும் என்பதைத்தான் அழுத்திச் சொல்லுவேன். கழுவிய தழையை உதறிவிட்டு உடனே பாட்டிலில் திணிப்பதுதான் பலரும் செய்யும் பிழை. திருப்பூரில் வேலை பார்க்கும் உங்களுக்கு இதற்கு ஏற்ற துணி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சாயம் ஏற்றாத, இரண்டு முறை துவைத்த வெள்ளை பனியன் துணியில் தழையைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோலத் தளர்வாகச் சுருட்டி அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். பிரிக்கும்போது துணி ஈரமாகவும் தழை காய்ந்தும் இருக்கும். பனியன் துணி உறிஞ்சும் அளவுக்குத் தேங்காய்ப்பூத் துண்டுகூட உறிஞ்சுவதில்லை என்று என் அனுபவத்தில் கண்டேன்.

பாட்டிலைக் கழுத்து வரை நிரப்புங்கள். இடைவெளி இருந்தால் வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடுக்குகள் குலைந்துபோகும்.


பதில்: கோயம்புத்தூரிலிருந்து

வணக்கம். உணவு பதப்படுத்துதல் படித்து, தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். கோபி அம்மா சொன்ன வரிசை சரியானது. ஆனால், இறுக மூடிய கண்ணாடி பாட்டில் தானாகவே உணவைக் காக்கும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, அது தவறு. இந்தத் திருகுமூடி ஜாடிக்கு 1858ஆம் ஆண்டு ஜான் லாண்டிஸ் மேசன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். அதில் பழங்களும் காய்களும் மாதக்கணக்கில் தாங்கியதற்குக் காரணம், ஜாடியோடு சேர்த்து அவற்றைக் கொதிக்கவைத்து மூடியதுதான். நாம் வைப்பதோ பச்சைக் காய். இதைக் காப்பது குளிர் ஒன்றுதான். ஃப்ரிட்ஜின் உட்புறம் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். கதவுத் தட்டில் அந்தக் குளிர் நிலையாக இருப்பதில்லை என்பதால் பாட்டில்களை உள்தட்டில், பின்பக்கமாக வையுங்கள்.

ஐந்து நாட்களுக்கு ஒரே முறையில் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகவைத்த பயறு சேர்ந்த சாலட்டை மூன்று நாட்களுக்குள் உண்டு முடிப்பது நல்லது. ஞாயிறு இரவு மூன்று, புதன் இரவு இரண்டு என்று பிரித்துக்கொண்டால் உழைப்பு அதிகம் கூடாது. நம் பகுதியில் மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் குளிரைத் தக்கவைக்கும். செய்தித்தாளில் உங்கள் பகுதியின் பெயர் வந்திருந்தால் அந்த நாளுக்கு முன்பே பாட்டில்கள் தீரும்படி திட்டமிடுங்கள்.

முளைகட்டிய பயறு வழுக்கியது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கொட்டியது மிகச் சரியான முடிவு. பயறு முளைப்பதற்குத் தேவையான அதே ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமிகள் பெருகவும் தோதானவை. விதையிலேயே ஒட்டியிருக்கும் கிருமி கழுவினால் முழுவதும் போகாது. 2011ஆம் ஆண்டு ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியாகப் பரவியதாகக் கண்டறியப்பட்ட ஈ.கோலை தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். முளைகட்டிய பயறு பிடிக்கும் என்றால் இட்லிப் பானையில் நன்றாக ஆவியில் வேகவைத்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, அதன் பிறகு அடுக்குங்கள். வேகவைத்த எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். சூடாக மூடவும் வேண்டாம், மூடியில் படியும் ஆவி நீராகி இலையில் சொட்டும். சுவைக்காகப் பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்துச் சமையலறை மேடையில் நாட்கணக்கில் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். காற்றில்லாத அந்த எண்ணெயில் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. ஏழரை மணிக்கு எடுத்து ஒரு மணிக்கு உண்ண ஐந்தரை மணி நேரம் ஆகிறது. குளிரில் வைக்க வேண்டிய உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். சித்திரை வெயிலில் திருப்பூரில் காலை பத்து மணிக்கே அந்த அளவு வந்துவிடும். எனவே குளிர்காப்புப் பையும் பனிக்கட்டியும் இல்லாமல் இதைக் கொண்டு செல்ல வேண்டாம். முந்தைய இரவே அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டை முக்கால் பங்கு நிரப்பி ஃப்ரீசரில் உறையவையுங்கள். சாலட் பாட்டிலை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் அவற்றை நெருக்கி வைத்தால், மதியம் உணவும் குளிர்ந்திருக்கும், குடிக்கக் குளிர்ந்த நீரும் கிடைக்கும். உண்ணும் நேரத்தில் பனிக்கட்டியில் ஒரு பகுதியாவது உருகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்; அதுதான் உங்கள் அளவுகோல்.


பதில்: காங்கேயத்திலிருந்து

எண்ணெயைப் பற்றி ஒரு சொல் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் தேங்காய் எண்ணெய்க்குப் பேர்போனது என்றாலும், இந்தச் சாலட்டுக்கு அது ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்து பாட்டிலின் அடியில் மெழுகைப் போல ஒட்டிக்கொள்ளும். கடலை எண்ணெயும் ஃப்ரிட்ஜில் கலங்கித் தடித்துவிடுகிறது. இவற்றில் நல்லெண்ணெய் மட்டுமே இளகிய நிலையில் இருக்கிறது என்பதால் கோபி அம்மா அதைத் தேர்ந்தது பொருத்தம்.

சிறுதானியம் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கம்பு, சாமை ஆகியவற்றை வேகவைத்துக் குளிரில் வைத்தால் மாவுச்சத்து இறுகி, மறுநாளே பழைய மென்மை போய் மணல்போல் நெறுநெறுவென்று இருக்கிறது. நான் மூன்று வாரம் முயன்று கைவிட்டேன். அந்த இடத்துக்குக் கொள்ளு மிக நன்றாகப் பொருந்துகிறது. இரவு முழுவதும் ஊறவைத்து, குக்கரில் குழையாமல் வேகவைத்து, நீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு பயறைச் சாலட்டுக்கு ஒதுக்கினால் மூன்றாம் நாளும் முழுதாக நிற்கிறது. வறுத்த நிலக்கடலையைப் பாட்டிலுக்குள் போடாதீர்கள், மறுநாளே நமுத்துவிடும். சிறு டப்பாவில் தனியாகக் கொண்டு போய் உண்ணும்போது தூவுங்கள். தேங்காய்த் துருவல் போட்டால்தான் நமக்குச் சாலட்டே மனத்துக்கு ஒத்துவருகிறது என்பது உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னே ஊசிப்போவதும் அதுவே. அன்றன்று காலையில் துருவி மேலே வையுங்கள்.


கேட்டவர் மீண்டும்: அவிநாசியிலிருந்து

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே ஞாயிறு இரவு மூன்று பாட்டில்கள் செய்தேன். குளிர்காப்புப் பை இன்னும் வாங்காததால், பாட்டியின் பழைய தூக்குப்போசிக்குள் சாலட் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் உறைந்த தண்ணீர்ப் பொட்டலங்களைச் செருகி, வெளியே கெட்டித் துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன். இன்று புதன்கிழமை. ஒரு மணிக்கு மூடியைத் திறந்தபோது பொட்டலங்களில் பாதி இன்னும் கட்டியாக இருந்தது, முட்டைக்கோஸ் கடிக்கும்போது ஓசை கேட்டது. கோபி அம்மா, தட்டில் கவிழ்த்தபோது அடியில் இருந்த சாறும் ரோஜா நிற வெங்காயமும் கடைசியாக மேலே வந்து விழுந்தன, கிளறவே வேண்டியிருக்கவில்லை.

இன்னும் ஒரே ஓர் ஐயம். தயிரும் அவித்த முட்டையும் சேர்க்கலாமா?


பதில்: கோயம்புத்தூரிலிருந்து

துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித் தயிரை எலுமிச்சைச் சாற்றுக்குப் பதிலாக அடியில் வைக்கலாம். ஆனால் நாளாக ஆகப் புளிப்பு ஏறும் என்பதால் அந்தப் பாட்டிலை முதல் இரண்டு நாட்களுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையை அவித்து, ஓட்டை உரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும். கிளம்பும் அன்று காலையில் உரித்து, முழுதாகவே மேலே வைத்து மூடுங்கள்.