வேதாளைப் போர்க்களத்தை அரசு காக்க வழி உண்டா?

கேள்வி:
மண்டபத்துக்கு மேற்கேயுள்ள வேதாளையில் வசிக்கிறேன். 1549இல் இங்கிருந்த போர்த்துக்கீசியர் கோட்டையை வடுகப் (தெலுங்கர்) படை தாக்கியபோது, மக்களைத் தோணிகளில் ஏற்றித் தப்பவைத்துக்கொண்டிருந்த இயேசு சபைப் பாதிரியார் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். இன்று அந்தக் கரையில் பனையும் சீமைக்கருவேலும்தான் நிற்கின்றன. சென்ற மாதம் அங்கே ஓரிடத்தில், தலையில் சிவப்புச் சாயம் பூசிய மனைக்கற்கள் வரிசையாக ஊன்றப்பட்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கோயிலையும் கோட்டையையும் காப்பதுபோல், போர் நடந்த நிலத்தையும் அரசு காக்குமா?

மறுமொழி 1:
ஐயா, 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நூறாண்டு கடந்த கட்டுமானத்தையோ, புதையுண்ட எச்சங்கள் உள்ள நிலத்தையோதான் காக்கிறது. போர் நடந்தது என்பது மட்டும் அதற்குப் போதாது. 2010இல் திருத்தப்பட்ட பின் 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் உள்ளன என்றாலும், அவை மத்திய அரசு அறிவித்த சின்னங்களுக்கே பொருந்தும். மாநிலத்துக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் நினைவுக்கோட்டை எழுந்தது; நினைவுச்சின்னம் கட்டுவது நல்ல செயல்தான், ஆனால் களத்தைக் காப்பது வேறு வேலை.

மறுமொழி 2:
இங்கிலாந்தில் 1995 முதல் போர்க்களங்களுக்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் இடம்பெற ஒரு சுவர்கூட நின்றிருக்க வேண்டியதில்லை. களத்தின் எல்லையை வரைபடத்தில் குறித்துவிடுகிறார்கள். அதனாலேயே கட்டடம் தடைபட்டுவிடாது, ஆனால் அனுமதி வழங்குவோர் அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். நமக்கும் அத்தகைய பதிவேடு கட்டாயம் வேண்டும் என்பேன். இராமநாதபுரம் இராமலிங்க விலாச அரண்மனையில், சேதுபதியின் படை தஞ்சை மராட்டியருடன் மோதும் ஓவியத்தின் முன் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். அந்தச் சுவரை மாநிலத் தொல்லியல் துறை காக்கிறது. அந்தப் போர் நடந்த மண்ணைக் காக்க எவரும் இல்லை.

மறுமொழி 3:
முதலில் அந்த நிலம் பட்டாவா, புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறியுங்கள். புல எண்ணையும் வரைபடத்தையும் இணைத்து, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்து, தொல்லியல் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மழைக்குப் பின் ஓடோ ஈயக்குண்டோ கண்ணில் பட்டால் தயவுசெய்து கையில் எடுக்காதீர்கள். கிடந்தபடியே அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். குண்டு கிடந்த இடமே எவர் எங்கிருந்து சுட்டார் என்று சொல்லும். வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டால் அது வெறும் ஈயம்தான்.