புதுப்பிப்பு: அம்மாவுக்கான டெபுட்டி ஆணை கிடைத்துவிட்டது

அம்மாவுக்கு மறதிநோய், எல்பிஏ (தெளிவு போனால் தனக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் பத்திரம்) எழுதி வைக்கவில்லை, வக்கீல் வைக்க வசதியில்லை, வங்கியும் கையை விரித்துவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சிங்கப்பூர் குடும்ப நீதிமன்றம் என்னை டெபுட்டியாக, அதாவது அம்மாவுக்காக முடிவெடுப்பவராக, நியமித்துவிட்டது.

வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி தரும் அரசு அலுவலகமான லீகல் எய்ட் பியூரோவுக்குப் போகச் சொன்னவர்கள் நன்றாக இருக்க வேண்டும். வருமானம், சேமிப்பு எல்லாம் பார்த்துத்தான் வக்கீல் தந்தார்கள். மருத்துவ அறிக்கைதான் முக்கியம். டிமென்ஷியா என்று மட்டும் எழுதினால் போதாது. பண விஷயத்தில் முடிவெடுக்க முடியுமா என்பதை மருத்துவர் தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சோதிக்க மருத்துவர் பத்து வெள்ளி (டாலர்) நோட்டை நீட்டினார். அம்மா அதை நீவி மடித்து, “தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்கிக்கப்பா” என்று அவரிடமே கொடுத்தார். எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

அப்புறம், டெபுட்டிகளைக் கண்காணிக்கும் பப்ளிக் கார்டியன் அலுவலகத்துக்கு வருடா வருடம் கணக்கு காட்ட வேண்டும். ரசீதுகளைச் சேர்த்து வைக்கிறேன்.

பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே எல்பிஏ செய்துவிடுங்கள். தெளிவு போன பிறகு செய்ய முடியாது.