துருக்கிக் காலைச் சாப்பாடு: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

துருக்கி போய் வந்தவர்கள் கபாப், பக்லவா பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அங்கே மனதில் நின்றது காலைச் சாப்பாடுதான். அதிலும் கிழக்குக் கோடியில், ஈரான் எல்லைக்கு அருகே உள்ள வான் நகரத்தில் சாப்பிட்டது. அதைப் பற்றிப் பேசவே இந்தத் திரி.

வான் நகரில் காலைச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக நிற்கும் ஒரு தெரு உண்டு. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்னத் தட்டுகளை மேசையே தெரியாத அளவுக்குப் பரப்பிவிடுகிறார்கள். வெள்ளைப் பாலாடைக்கட்டி, ஆலிவ், வெள்ளரி, தக்காளி, எள் விழுதில் கலந்த திராட்சைப் பாகு, தேன் ஊற்றிய கய்மாக் (நம் பாலேட்டை இன்னும் கெட்டியாக்கியது என்று வையுங்கள்), கூடவே சூடான ரொட்டி. ரொட்டியைப் பிய்த்து ஒவ்வொரு தட்டாகத் தொட்டுக்கொண்டு சுற்றி வர வேண்டியதுதான். அவசரப்பட்டால் இந்தச் சாப்பாட்டில் ஒன்றுமே இல்லை.

அந்த ஊரின் பெருமை ஒத்லு பெய்னிர் என்ற மூலிகைப் பாலாடைக்கட்டி. பனி உருகியதும் மலைச் சரிவுகளில் முளைக்கும் காட்டுப் பூண்டு போன்ற பச்சிலைகளைப் பறித்து வந்து, செம்மறியாட்டுப் பாலில் செய்யும் கட்டியில் கலக்கிறார்கள். அதைப் பானையில் அடைத்து மண்ணில் புதைத்து, மாதக்கணக்கில் முதிரவிடுவது பழைய வழக்கம். உப்பு தூக்கலாக, பூண்டு வாசத்தோடு இருக்கும். முதல் வாயில் எனக்குப் பிடிக்கவில்லை. தேனும் கய்மாக்கும் சாப்பிட்டுவிட்டு மறுபடி தொட்டபோதுதான் அது அந்த மேசையில் ஏன் இருக்கிறது என்று புரிந்தது. அப்புறம் முர்துகா: மாவை வெண்ணெயில் வறுத்து, முட்டை ஊற்றிக் கிளறியது. வறுத்த கோதுமையை அரைத்துச் செய்யும் கவுத் என்பதும் உண்டு. நான் பாதியில் நிறுத்தியதும் கடைக்காரப் பெரியவர் தட்டை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடும்மா, சாப்பிடு" என்றார். மொழி தெரியாமலே புரிந்த வார்த்தை.

2014 ஜூனில் இந்த ஊர்க்காரர்கள் 51,793 பேர் ஒன்றாக உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டு கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

மறுமொழி:

நீங்கள் சொல்வது விடுமுறை நாள் சாப்பாடு. நான் இஸ்தான்புல்லில் வேலை பார்த்தபோது பார்த்தது வேறு. கடிகோய் துறையில் படகு ஏறும் முன் தள்ளுவண்டியில் ஒரு சிமித் வாங்குவேன். திராட்சைப் பாகுத் தண்ணீரில் முக்கி, எள்ளில் புரட்டிச் சுட்ட வளைய ரொட்டி அது. படகில் தேநீர் கிடைக்கும். எமினோனு வருவதற்குள் காலைச் சாப்பாடு முடிந்துவிடும். சிலர் பாதியைக் கடற்காகங்களுக்குப் போட்டுவிடுவார்கள்.

மறுமொழி:

என்னை புர்சாவில் உடன் வேலை பார்த்தவர் நோன்புப் பெருநாள் காலையில் வீட்டுக்கு அழைத்திருந்தார். ஒரு மாதம் பகலில் எதுவும் சாப்பிடாமல் இருந்த குடும்பம், பகல் வெளிச்சத்தில் சேர்ந்து உட்காரும் முதல் சாப்பாடு அது. ஆண்கள் தொழுகை முடித்து வரும்வரை யாரும் தட்டைத் தொடவில்லை. வாசலிலேயே கையில் எலுமிச்சை வாசக் கொலோனியா (கையில் தேய்த்துக்கொள்ளும் வாசனை நீர்) ஊற்றினார்கள். பிள்ளைகள் பெரியவர்களின் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு மிட்டாயும் காசும் வாங்கினார்கள். பாட்டியின் கையை நானும் அப்படியே வாங்கி நெற்றியில் வைத்தேன். அவர் எனக்கும் ஒரு நோட்டை மடித்துக் கொடுத்துவிட்டார்! மறுக்கக் கூடாது என்று நண்பர் கண்ணைக் காட்டினார். மேசையில் இருந்த ஆலிவ் பக்கத்து ஊரான கெம்லிக்கில் விளைந்தது. சின்னதாக, கருப்பாக, தோல் மெல்லிசாக இருக்கும். அதற்கு ஈடாக நான் வேறு எங்கும் சாப்பிட்டதில்லை.

மறுமொழி:

நான் சைவம். அடுத்த மாதம் போகிறோம். சமாளிக்க முடியுமா? தேநீரில் பால் ஊற்றுவார்களா?

திரி தொடங்கியவர்:

தாராளமாக முடியும். மேசையில் பெரும்பகுதி பாலும் காய்கறியும்தான். முட்டையோடு சுஜுக் சேர்ப்பார்கள், அது மாட்டிறைச்சித் தொத்திறைச்சி, பஸ்திர்மாவும் இறைச்சியே. இரண்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தக்காளி, பச்சை மிளகாய் போட்ட மெனமென் கேளுங்கள். அதில் வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்பது அங்கே பெரிய சண்டை. 2018இல் வெதாத் மிலோர் என்ற உணவு விமர்சகர் ட்விட்டரில் இதைக் கேட்டபோது, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். வெங்காயக் கட்சி மயிரிழையில் ஜெயித்தது. நான் வெங்காயம் வேண்டாம் என்ற பக்கம். தக்காளியின் புளிப்பை அது மழுக்கிவிடுகிறது.

தேநீரில் பால் கிடையாது. இரண்டடுக்குப் பாத்திரத்தில் மேலே டிகாஷன், கீழே கொதிநீர். தம்ளரில் டிகாஷன் ஊற்றி, உங்களுக்கு வேண்டிய அளவு வெந்நீர் விட்டுத் தருவார்கள். லைட்டாக வேண்டும் என்றால் "அச்சிக்" என்று சொல்லுங்கள். தம்ளர் காலியானால் கேட்காமலே நிரப்புவார்கள். போதும் என்றால் கரண்டியைத் தம்ளரின் வாய்மேல் குறுக்கே வைத்துவிடுங்கள்.

கருங்கடல் பக்கம் போய், சோளமாவும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கிண்டும் குய்மாக் சாப்பிட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த முறை நான் அந்தக் கரையில் உள்ள திராப்சோனிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.